என் பெயரில் நின்ற மின்சாரம்

என் உத்தியோகம் படுத்திருப்பது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் மாமனாரின் மெத்தைக் கடையில், தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கட்டில் உண்டு. கட்டில்மேல் கடையிலேயே விலை கூடிய மெத்தை. மெத்தைமேல் நான். கைப்பேசிக் கடையில் பார்த்த வேலை போன பிறகு, "வீட்ல சும்மா படுத்திருக்கறத இங்க வந்து படுங்க மாப்பிள்ளை, வியாபாரமாவது ஆகும்" என்றார் அவர். குத்திக்காட்டினாரா, கரிசனப்பட்டாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. காலையில் கடை திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுப்பேன். வாடிக்கையாளர் வந்தால் சுகமாக ஒருபுறம் புரண்டு காட்ட வேண்டும். குறட்டை கூடாது, மெத்தைக்குக் கெட்ட பெயர். தெருவில் போகிறவர்கள் உயிர் இருக்கிறதா என்று கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார்கள். கடைத்தெரு முழுக்க எனக்கு 'மெத்தை மாப்பிள்ளை' என்று பெயர்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். ரோஷம் எனக்குக் கொஞ்சம் குறைச்சல், குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் மகளின் பள்ளிக்கூடத்தில் 'என் அப்பாவின் வேலை' என்று படம் வரையச் சொன்னார்கள். அவள் ஒரு கட்டிலை வரைந்து அதில் என்னைக் கிடத்தியிருந்தாள். கண்கள் மூடியிருந்தன, கைகள் நெஞ்சின்மேல் இருந்தன. டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா எப்பம்மா தவறிப்போனாங்க?" என்று கண்கலங்கக் கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் என் மனைவி அந்தப் படத்தை என் முன்னால் வைத்தாள். அதன் பக்கத்தில் செய்தித்தாளிலிருந்து கத்தரித்த ஒரு விளம்பரத்தையும் வைத்தாள். மின் வாரியம் கொடுத்திருந்தது. 'கம்பியாளர் தொழில் பழகுநர்கள் தேவை. ஊதியத்துடன் பயிற்சி.'

"எந்திரிச்சு நிக்கற மாதிரி ஒரு வேலை கிடைச்சாப் போதும்னுதான் தேடினேன். இதுல ஏறவே ஏறலாம்" என்றாள்.

"எனக்கு உயரம் ஆகாதே."

"படுக்கை ஆகுதில்ல? பழகினா அதுவும் ஆகும்."

மாமனாரும் தன் பங்குக்கு ஒரு கெடு வைத்தார். "மாசக் கடைசிக்குள்ள கிடைச்சா சந்தோஷம் மாப்பிள்ளை. கிடைக்கலன்னா முழுநேரமா படுத்துடுங்க. நீங்க தூங்கற மாதிரி பெரிய போர்டு ஒண்ணு அடிக்கப்போறேன். பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல நல்ல இடம் காலியா இருக்கு." மகள் படிக்கும் பள்ளிக்கூடம்தான். மறுநாளே மின் வாரியத்தின் பயிற்சி மையத்துக்குப் போனேன்.

கீழ்த்தளத்தில் பழகுநர் பிரிவு. கண்காணிப்பாளர் முகம் மலர்ந்து வரவேற்றார்.

"தாராளமா சேரலாம். இன்னிக்கே சேரலாம். ஊதியம் மட்டும் கிடையாது."

"விளம்பரத்துல ஊதியத்துடன்னு போட்டிருக்கே சார்."

"அது ஊதியப் பிரிவு போட்ட விளம்பரம். மாடிக்குப் போங்க."

மாடியில் ஊதியப் பிரிவு அதிகாரி இன்னும் மலர்ச்சியாக இருந்தார். "பழகுநர் ஊதியம்தானே? தயாரா இருக்கு. வருஷா வருஷம் ஒதுக்கறோம், வருஷா வருஷம் பத்திரமாத் திருப்பி அனுப்பறோம். ஒரு காசு வீணாப் போனதா சரித்திரம் இல்ல. வாங்கிக்கத்தான் ஒரு பழகுநர்கூட எங்க பிரிவுல இல்ல."

"கீழ பழகுநர் பிரிவு இருக்கே சார்."

"அவங்க ஊதியமில்லாப் பழகுநர்கள் தம்பி. அவங்களுக்கு நான் ஊதியம் குடுத்துட்டா, ஊதியமில்லாப் பழகுநர்ங்கற தகுதியையே இழந்துடுவாங்க. ஒருத்தர் தகுதியக் கெடுக்கறது பாவம் இல்லையா?"

நியாயமாகத்தான் பட்டது. எனக்கு எது சொன்னாலும் முதலில் நியாயமாகத்தான் படும், படியிறங்கும்போதுதான் உறைக்கும். இப்படிக் கீழுக்கும் மேலுக்கும் தினமும் நடந்தேன். கம்பம் ஏறப் பழகவில்லையே தவிர, மாடிப்படி ஏறுவதில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. வாயில் காவலாளி என்னை அலுவலக ஆள் என்று நினைத்து வணக்கம் வைக்க ஆரம்பித்தார். நானும் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன், அந்த அல்பத்தனமும் என்னிடம் உண்டு.

மையத்தின் முற்றத்தில் ஒரே ஒரு பயிற்சிக் கம்பம் இருந்தது. வெள்ளிப் பூச்சு பூசி, சுற்றிலும் வேலி போட்டு, அடியில் பூச்செடி வைத்திருந்தார்கள். அதில் கம்பி எதுவும் இல்லை. பாதுகாப்பு அதிகாரி தினமும் அதைத் துடைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்பார். ஒருநாள் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"இந்த மையத்துல இன்னிவரைக்கும் ஒரு விபத்து கிடையாது."

"பெரிய விஷயம் சார். எப்படிச் சமாளிக்கறீங்க?"

"யாரையும் ஏற விட்டதில்ல."

"அப்ப பயிற்சி?"

"வகுப்பறையிலதான். ஏறும்போது முதல்ல இடது காலை வைக்கணுமா, வலது காலை வைக்கணுமாங்கற பாடத்தையே ஒரு பருவம் நடத்தறோம்."

"எந்தக் காலை சார் வைக்கணும்?"

"அதுக்குத்தான் குழு அமைச்சிருக்கோம். அவசரப்படக்கூடாது."

ஒருவழியாக நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பிரிவு அதிகாரிகளும் பாதுகாப்பு அதிகாரியும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். உயரம் என்றால் பயமா என்று கேட்டார்கள். தைரியமாகப் பொய் சொல்ல வேண்டும் என்று வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்ததும், "ரொம்பப் பயம் சார்" என்று வந்துவிட்டது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பூரித்துப்போனார்கள். "இப்படி ஒருத்தரத்தான் தேடிக்கிட்டிருக்கோம்" என்றார் பாதுகாப்பு அதிகாரி. "பயம் உள்ளவன் ஏற மாட்டான். ஏறாதவன் விழ மாட்டான். முன் அனுபவம் ஏதாவது?"

"மெத்தைக் கடை சார்."

'விழுகிற இடம் குறித்து முன் அனுபவம் உண்டு' என்று அவர் எழுதிக்கொண்டதை நான் தலைகீழாகப் படித்தேன். முடிவில் என்னைக் காத்திருப்போர் வரிசையில் முதல் ஆளாக வைத்தார்கள். வீட்டுக்கு வந்து முதலிடம் என்று சொன்னேன். எந்த வரிசையில் என்று மனைவி கேட்டாள். பெண்களுக்கு இந்த மாதிரி சின்ன விஷயங்கள்தான் கண்ணில் படும்.

மாதம் முடியப்போகிற நேரத்தில் மையத்தைப் பார்வையிடத் தலைமைப் பொறியாளர் வந்தார். பூங்கொத்து, மேடை, ஒலிபெருக்கி எல்லாம் தயார். பேச்சை ஆரம்பிக்கும் முன், "ஊதியத்துடன் பழகுநர் திட்டம்னு வருஷா வருஷம் அறிக்கை அனுப்பறீங்களே, அதுல ஒருத்தர ஏறிக் காட்டச் சொல்லுங்க, பாப்போம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அதிகாரிகளின் முகத்தில் ஈயாடவில்லை. ஊதியமில்லாப் பழகுநர்களும் அன்று இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு எங்கெங்கோ கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். அப்போது நான் வழக்கம்போல் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதுகாப்பு அதிகாரி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இறக்கினார். தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்தார், இடுப்பில் பெல்ட்டைக் கட்டினார்.

"சார், லைன் கிளியர் வாங்கணும்" என்று யாரோ நினைவுபடுத்தினார்கள்.

இதை மட்டும் விளக்கிவிடுகிறேன். கம்பத்தில் ஏறுகிறவர், முதலில் துணைமின்நிலையத்துக்குச் சொல்லி அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் லைன் கிளியர் என்று பெயர். யார் பெயரில் நிறுத்தினார்களோ, அவரே இறங்கிவந்து 'இறங்கிட்டேன், போடலாம்' என்று திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி மின்சாரம் வரும். வேறு யார் சொன்னாலும் போட மாட்டார்கள், மேலே ஆள் இருக்கும்போது போட்டால் உயிர் போய்விடும். அருமையான விதி. நல்ல விதிகூட இந்த மையத்தின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் மீதிக் கதை.

"இந்தக் கம்பத்துல கம்பியே இல்லையே சார், எதை நிறுத்தச் சொல்றது?" என்றேன்.

"கம்பம்னா லைன் கிளியர். கம்பி இருக்கா இல்லையாங்கறது கம்பத்தோட சொந்த விஷயம்" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

துணைமின்நிலையத்தில் அன்று பணியில் இருந்தது ஓர் அம்மா. தொலைபேசியில் குரல் கறாராக ஒலித்தது. எந்த லைன் என்று கேட்டார். பாதுகாப்பு அதிகாரி சுவரில் இருந்த வரைபடத்தில் மையம் இருக்கும் இடத்தில் விரலை வைத்து, அதில் எழுதியிருந்த எண்ணை அப்படியே ஒப்பித்தார். யார் பெயரில் என்று அடுத்த கேள்வி. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. ஒருவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார், கண்காணிப்பாளருக்கு இருமல் வந்தது. ஊதியப் பிரிவு அதிகாரி ஏதோ கோப்பு எடுக்கவேண்டும் என்று மின்தூக்கிக்குள் புகுந்துகொண்டார். பாதுகாப்பு அதிகாரி தொலைபேசியை என் கையில் திணித்தார்.

பெயரைச் சொன்னேன். "பதவி?" என்றார் அந்த அம்மா.

"பழகுநர்னு சொல்லு, பழகுநர்னு சொல்லு" என்று பாதுகாப்பு அதிகாரி என் காதில் கிசுகிசுத்தார்.

"பழகுநர்" என்றேன். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் சேர்ந்தது அன்றுதான்.

தொலைபேசியை வைத்ததும் என்னை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேடையில் தலைமைப் பொறியாளர் ஒலிபெருக்கியில், "நம் வாரியத்தின் பெருமையே தடையில்லாத..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி அடங்கிவிட்டது. மின்விசிறிகள் நின்றன. மின்தூக்கி நடுவழியில் நின்று, உள்ளிருந்து ஊதியப் பிரிவு அதிகாரி கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் ஒரே கூச்சல். நான் அப்போது வேலிக்கு வெளியேதான் நின்றிருந்தேன், இடது காலா வலது காலா என்று யோசித்துக்கொண்டு.

"திருப்பிக் குடு! உடனே திருப்பிக் குடு!" என்று பாதுகாப்பு அதிகாரி அலறினார். உள்ளே ஓடி மறுபடி தொலைபேசி செய்தேன்.

"பழகுநர்னு சொன்னீங்க, நிறுத்திட்டுப் பட்டியலப் பாத்தா உங்க பேரே இல்லையே" என்றார் அந்த அம்மா. "பதவி இல்லாதவர்கிட்டேர்ந்து நான் திருப்பி வாங்க முடியாது."

மேடையிலிருந்து ஓடிவந்த தலைமைப் பொறியாளர் தொலைபேசியைப் பிடுங்கினார். "நான் தலைமைப் பொறியாளர் பேசறேன்."

"வணக்கம் சார். லைன் கிளியர் நீங்க வாங்கினீங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்களும் திருப்பிக் குடுக்க முடியாது சார். உங்க ஆள் கம்பத்து மேல இருக்கார்னு என் பலகை சொல்லுது. இறங்கிட்டேன்னு அவர்தான் சொல்லணும்."

"அவன் ஏறவே இல்லம்மா!"

"ஏறாதவர் எப்படி சார் இறங்குவார்? விதியில கையெழுத்துப் போட்டவரே நீங்கதான். என் எதிர்ல சுவத்துல மாட்டியிருக்கு, உங்க கையெழுத்து நல்லா அழகா இருக்கு சார்."

தலைமைப் பொறியாளர் தொலைபேசியை வைத்தார். சம்பந்தமில்லாத ஓர் ஆளுக்கு லைன் கிளியர் கொடுக்கவைத்தோம் என்று ஒப்புக்கொண்டால் விசாரணை வரும், அதில் உருளும் முதல் தலை அவருடையது. இன்னொரு வழி, அந்த ஆளைச் சம்பந்தமுள்ளவனாக ஆக்கிவிடுவது. எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

பழகுநர் பிரிவும் ஊதியப் பிரிவும் சேர்ந்து முடிவெடுத்தது வாரிய வரலாற்றில் அதுவே முதல்முறை. ஒருவர் மின்தூக்கிக்கு வெளியே, மற்றவர் உள்ளே, கதவு இடுக்கு வழியாகப் பேசிக்கொண்டார்கள். "ஊதியம் குடுக்கறேன், குடுக்கறேன், முதல்ல கதவத் திறங்க" என்று உள்ளே இருந்தவர் சம்மதித்தார். ஆனால் நியமன ஆணையை அச்சிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு விதி. அச்சிடுவதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு ஆணை வேண்டும். "எங்க மாமனார் கடைப் பக்கம் வேற லைன் சார், பில் அடிக்கற மெஷினும் இருக்கு" என்றேன்.

அதிகாரிகள் கூட்டமாகக் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்து மாமனார் பரபரத்துப்போனார். "வாங்க வாங்க, ரெண்டு பேர் படுக்கறதா, ஒருத்தரா?" என்றார். கண்காணிப்பாளர் ஆணையை எழுதி, திருத்தி, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். அலைந்து களைத்த தலைமைப் பொறியாளர் சற்றே சாய்கிறேன் என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த என் கட்டிலில் சாய்ந்தார். உடனே கண் சொருகிவிட்டது. தெருவில் கூட்டம் கூடியது. "புது ஆளா? இவர் நல்லாத் தூங்கறாரே" என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தொழில் போட்டி வந்தது போல நெஞ்சில் ஒரு சின்ன எரிச்சல்.

ஆணை கடையின் பில் தாளில்தான் வந்தது. மேலே 'நிம்மதியான உறக்கத்துக்கு' என்று அச்சிட்டிருந்தது, கீழே 'ஊதியத்துடன் கூடிய பழகுநர்'. தலைமைப் பொறியாளரை எழுப்பிக் கையெழுத்து வாங்கினார்கள். துணைமின்நிலையத்துக்குத் தொலைபேசியில் என் பெயரும் பதவியும் போய்ச் சேர்ந்தன.

"இறங்கிட்டேம்மா" என்றேன்.

"பத்திரமா இறங்கினீங்களா?"

"பத்திரமா இறங்கினேன்."

மின்சாரம் வந்தது. என் மனைவி விஷயம் கேள்விப்பட்டுக் கடைக்கே ஓடிவந்து, எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் போர்டு யோசனையைக் கைவிட்டார். தலைமைப் பொறியாளரைப் படம் பிடித்திருக்கலாமே என்று மட்டும் ரொம்ப நாள் வருத்தப்பட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் கௌரவமாக இருந்திருக்கும். மறுநாள் விறைப்பாக வேலைக்குப் போனேன். பாதுகாப்பு அதிகாரி என்னைக் கம்பத்தடிக்கு அழைத்துப்போய்ப் பூச்செடிகளுக்கு நடுவில் நிறுத்தினார்.

"திட்டத்துக்கு இருக்கற ஒரே ஊதியப் பழகுநர் நீங்கதான். உங்களுக்கு ஒண்ணு ஆனா திட்டமே போச்சு. அதனால நீங்க எதையும் தொடக்கூடாது. பார்வையாளர்கள் வந்தா நிமிர்ந்து நில்லுங்க, போதும்."

ஹெல்மெட், பெல்ட், கையுறையோடு நின்றேன். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அதிகாரிகள் என்னைப் பார்க்க வந்தார்கள். "இவர்தான் சார் ஊதியத்துடன் கூடிய பழகுநர். கிட்டப் போகாதீங்க" என்று பாதுகாப்பு அதிகாரி குரலைத் தாழ்த்திச் சொல்வார். காலையில் செடிக்குத் தண்ணீர் விடுகிறவர் என் ஷூவிலும் கொஞ்சம் தெளித்துவிட்டுப் போவார். ஊதியம் ஒழுங்காக வந்தது. குறை சொல்ல எனக்கு வாயில்லை என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு பள்ளி விடுமுறை நாளில் என் மனைவி மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் "அப்பா கம்பத்துல ஏறுவார்" என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறாள். மகள் வேலிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தாள். கம்பத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இங்க நின்னுக்கிட்டே தூங்கறியா?"

கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ரோஷம் குறைச்சல் என்று சொன்னேனே, இருந்த கொஞ்சமும் ஒரேயடியாகக் கிளம்பிவிட்டது. விறுவிறுவென்று காவலாளி அறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தேன். அதே அம்மா.

"பேரு? பதவி?"

சொன்னேன். இந்த முறை யாரும் காதில் கிசுகிசுக்கவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு, "என்ன வேலைக்கு?" என்றார்.

"அதே லைன்தாம்மா. ஏறப்போறேன்."

"சரி, நிறுத்தியாச்சு. நிதானமா ஏறுங்க."

உள்ளே மின்விசிறிகள் நிற்க, "யார்றா அது?" என்று பல குரல்கள் கிளம்பின. அதற்குள் நான் வேலியைத் தாண்டிவிட்டேன். பெல்ட்டைக் கம்பத்தைச் சுற்றி மாட்டினேன். எந்தக் காலை முதலில் வைத்தேன் என்று நினைவில்லை, குழுவுக்கு என்னால் உதவ முடியாது. காலூன்றும் படிகளைப் பிடித்து ஏறினேன், ஏறினேன், உச்சிக்கே போய்விட்டேன். மகள் கைதட்டுவது கேட்டது. எங்கே நிற்கிறாள் என்று கீழே பார்த்தேன். அதுதான் தப்பு. கம்பத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன்.

"இறங்குய்யா கீழ!" என்று பாதுகாப்பு அதிகாரி கத்தினார். நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். துணைமின்நிலையத்து அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தார்கள், "ஆள் மேல இருக்கார் சார்" என்று வைத்துவிட்டார். தலைமைப் பொறியாளர் காரில் வந்து இறங்கினார்.

"தம்பி, உன் கோபம் எனக்குப் புரியுது! நாளையிலேர்ந்து உன்ன நிஜமான லைன் வேலைக்கே அனுப்பறோம்!"

நான் பேசவில்லை.

"ஊதியமில்லாப் பழகுநர்களுக்கும் ஊதியம் தர்றோம்! இறங்கு!"

அப்போதும் பேசவில்லை. "என்ன நெஞ்சழுத்தம்!" என்று கீழே யாரோ வியந்தார்கள். கடைசியில் என்னை இறக்க வெளியிலிருந்து லைன் வேலை செய்யும் குழுவை வரவழைத்தார்கள். இத்தனை நாளில் அந்தக் கட்டடத்தில் நிஜமான லைன்மேன் ஒருவரை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. குழுவின் தலைவர் ஏணி போட்டு என் பக்கத்தில் ஏறி வந்து, என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"பயமா?" என்றார் மெதுவாக.

தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்கும் முதல் தடவை இப்படித்தான், கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். கீழ சொல்லிடாத." சற்று யோசித்தார். "இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்க முடியுமா?"

"இறங்கத்தான் முடியாது. இருக்க முடியும்."

"அது போதும்." கீழே குனிந்து, ஊரே கேட்கிற மாதிரிக் கத்தினார்: "சார், ஆள் ரொம்ப ஆத்திரத்துல இருக்கார்! எங்க குழுவுக்கு ரெண்டு வருஷமாக் கேட்ட புதுக் கையுறையும் பெல்ட்டும் வந்தாத்தான் இறங்குவாராம்!"

"தர்றோம்! எழுதியே தர்றோம்!" என்று கீழிருந்து பதில் வந்தது.

நான் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். கூட்டத்துக்கு நடுவில் என் மகள் நின்றிருந்தாள். பக்கத்தில் நின்ற காவலாளியிடம் என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னாள். பிறகு அண்ணாந்து பார்த்து, இரண்டு கைகளையும் தூக்கி எனக்கு ஆட்டினாள். பதிலுக்கு ஆட்ட எனக்கு ஒரு கை தேவைப்பட்டது. இரண்டும் கம்பத்தைச் சுற்றியிருந்தன.

குழுத் தலைவர் என் பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு கையை எடுத்து ஆட்டினேன்.